1,134 நாளாக நிற்காத ஹோஸ்ட்: பேட்ச் போடலாமா, விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி, 8 பிப்ரவரி 2025

எங்களிடம் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 7.0 ஓடும் ஹோஸ்ட் இரண்டு. (இஎஸ்எக்ஸ்ஐ ஒரு ஹைப்பர்வைசர்: ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள். அது ஓடும் சர்வர்தான் ஹோஸ்ட்.) ஒன்று 1,134 நாளாக நிற்காமல் ஓடுகிறது. உள்ளே இருக்கும் விண்டோஸ், லினக்ஸ் விஎம்களுக்கு மாதாமாதம் பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) போட்டுவிடுகிறோம். ஹோஸ்ட் உள்வலையில் மட்டும்தான் இருக்கிறது, இணையத்திலிருந்து தெரியாது. நன்றாக ஓடுவதை எதற்குக் கலைக்க வேண்டும் என்று மேலாளர் கேட்கிறார். எனக்கும் சரியான பதில் தெரியவில்லை.

பதில், 9 பிப்ரவரி 2025, காலை

1,134 நாளைப் பின்னோக்கி எண்ணினால் 2022 ஜனவரி 1 வருகிறது. இஎஸ்எக்ஸ்ஐ பேட்ச்களில் அநேகமாக எல்லாமே மறுதொடக்கம் கேட்பவை. ஆகவே அந்தப் புத்தாண்டுக்குப் பிறகு வந்த எதுவும் உங்கள் ஹோஸ்டில் இல்லை. 7.0 வரிசையில் 'அப்டேட் 3சி' வந்ததே அந்த மாதம் 27ஆம் தேதிதான். அதற்கு முந்தைய 'அப்டேட் 3' 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. உங்களிடம் இருப்பது அந்தத் திரும்பப் பெற்ற பதிப்பாகவே இருக்கலாம். முதலில் பில்ட் எண்ணை, அதாவது பதிப்பைத் துல்லியமாகக் காட்டும் எண்ணை, பாருங்கள்.

மேலாளருக்கு இப்போதைக்கு ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: இன்றைக்கு அந்த ஹோஸ்டை முழுவதும் காலி செய்துவிட்டு, மற்றொன்றிலேயே எல்லா விஎம்களையும் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் பேட்ச் ஒரு மதிய வேலை. முடியாது என்றால், பேட்ச் போடாதது உங்கள் முடிவே அல்ல. உங்களால் போட முடியவில்லை, அவ்வளவுதான்.

9 பிப்ரவரி 2025, இரவு

காலையில் எழுதியது மேலோட்டமாகிவிட்டது. இந்த நாள்கணக்கு எனக்கு ஏன் பயம் தருகிறது என்று சொல்ல வேண்டும்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஷிஃப்ட், வருடம் முழுக்க ஓடும் ஆலை. 2019 மே மாதம் ஒரு மாலைக் காற்றில் மின்கம்பி அறுந்தது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளவில்லை, யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கிவிட்டு ஓய்ந்தது. மின்சாரம் வந்தபின் முதல் ஹோஸ்ட் எழுந்தது. இரண்டாவது ஹோஸ்டின் திரையில், துவக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி.

அந்த ஹோஸ்ட் கிட்டத்தட்ட 600 நாளாக நிற்காமல் ஓடியது. அதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது துவங்குவது உள்ளே செருகிய ஓர் எஸ்டி கார்டிலிருந்து. இந்த வகை ஹைப்பர்வைசர் எழும்போது தன்னை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு கார்டு செத்தாலும் விஎம்கள் பாட்டுக்கு ஓடும். எங்கள் கார்டு எப்போது செத்தது என்று அன்றைக்குப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். மின்சாரம் போவதற்கு ஏழு மாதம் முன்பிருந்தே, கார்டில் எழுத முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏழு மாதம் அந்த ஹோஸ்ட் எழ முடியாத ஹோஸ்டாக ஓடியிருக்கிறது. வெளியே பச்சை விளக்கு.

சரி, புதுக் கார்டில் நிறுவிவிட்டு எடுத்துவைத்த கட்டமைப்புக் காப்பை ஏற்றலாம் என்றால், அதே பில்ட் எண்ணில் நிறுவினால்தான் அந்தக் காப்பு ஏறும். அந்த எண் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. விலான்களை (வலையைத் தனித்தனியாகப் பிரிக்கும் அமைப்புகள்) ஒவ்வொன்றாக நினைவிலிருந்து கட்டினேன். கூலி கணக்கு விஎம் விடியற்காலை நாலேகாலுக்கு எழுந்தது. ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அன்று முதல் நான் பேட்ச் நாளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஓட்டையை அடைப்பது அதில் பாதி. நாம் விழித்திருக்கும்போது, நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில், அந்த இயந்திரம் விழுந்து எழுகிறதா என்று பார்ப்பது மறுபாதி. 1,134 நாளாக உங்களுக்கு அந்த மறுபாதி தெரியாது.

11 பிப்ரவரி 2025

"உள்வலையில்தான் இருக்கிறது" என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். வேறு இரண்டு பேரும் அதையே எழுதியிருக்கிறார்கள்.

2023 பிப்ரவரி 3ஆம் தேதி பிரான்சின் கணினி அவசரகால அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. இணையத்தில் தெரியும்படி வைத்திருந்த இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்கள் ஆயிரக்கணக்கில் பணயநிரலுக்கு (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) இரையாகிக்கொண்டிருந்தன. அதற்கு 'இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நுழைவழியாகச் சொல்லப்பட்டது, போர்ட் 427இல் கேட்டுக்கொண்டிருக்கும் ஓபன்எஸ்எல்பி சேவையில் இருந்த ஓட்டை. அதன் பொது அடையாள எண் சிவிஇ-2021-21974. அதற்கான பேட்ச் 2021 பிப்ரவரி 23 அன்றே வெளிவந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு இருபது நாள் குறைவு. அவ்வளவு காலம் பேட்ச் இருந்தும் போடப்படாமல் கிடந்தது.

அவர்கள் விஎம்களுக்குள் ஒவ்வொன்றாக நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஹோஸ்டுக்குள் நுழைந்து, விஎம்களின் வட்டுக் கோப்புகளையே பூட்டினார்கள். விண்டோஸுக்குள் நீங்கள் போட்ட மாதாந்திரப் பேட்சும், வைரஸ் தடுப்பு மென்பொருளும் அதைப் பார்க்கவே முடியாது. கீழே தளம் போனால் மேலே இருக்கும் முப்பது சர்வரும் ஒரே நேரத்தில் போகும். அதனால்தான் ஹோஸ்ட் பேட்ச் கடைசி வேலையாக இருக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

"அவை இணையத்தில் இருந்தவை, நாங்கள் இல்லை" என்பீர்கள். 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதைப் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) இணைத்த இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட், 'இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் ஒரு குழு இருந்தால் அதன் உறுப்பினர்களுக்கு முழு நிர்வாக உரிமை தந்துவிடும். குழுவை யார் உருவாக்கியது என்று பார்ப்பதில்லை. டொமைனுக்குள், அதாவது அந்தச் சேவை ஆளும் வலைக்குள், போதிய உரிமையோடு புகுந்தவன் அந்தப் பெயரில் ஒரு குழு தொடங்கித் தன்னையே சேர்த்துக்கொண்டால் போதும். பணயநிரல் கும்பல்கள் அதைச் செய்தன. இங்கே இணையம் எங்கே வருகிறது? ஒருவர் மடிக்கணினியில் திறந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பு போதும், அவன் உள்வலையில் இருப்பான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓட்டைக்கு 8.0இல் பேட்ச் வந்தது. 7.0க்கு மாற்று அமைப்பு மட்டும்தான். நீங்கள் 7.0.

16 பிப்ரவரி 2025

ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "பேட்ச் போட்டுத்தான் எங்களுக்கு ஹோஸ்ட் படுத்தது. ஒழுங்காக ஓடியதை நாங்களே கெடுத்தோம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் பேட்ச், சர்வர் 2012 ஆர்2இல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி ஓடும் ஹோஸ்ட்களில் விஎம்கள் எழாமல் செய்தது. டொமைன் கன்ட்ரோலர்கள் (ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்கள்) தாமாகவே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆயின. ஆறு நாள் கழித்து 17ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டைக்கு வந்த மைக்ரோகோட் (சிபியுவுக்குள் ஓடும் சிறு நிரல்) சில சிபியுக்களை எதிர்பாராமல் மறுதொடக்கம் செய்யவைத்தது. போடுவதை நிறுத்துங்கள் என்று இன்டெலே அந்த மாதம் 22ஆம் தேதி சொன்னது. நான் முதலில் சொன்ன 7.0 அப்டேட் 3, ஒரு பிணைய டிரைவரின் பெயர்க் குழப்பம் உள்படப் பல காரணங்களுக்காகத் திரும்பப் பெறப்பட்டது.

அதனால் வந்த அன்றே போடுவது வீரமல்ல. என் வழக்கம் இது. வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் படிப்பேன், 'தெரிந்த சிக்கல்கள்' பகுதியை இரண்டு முறை. மூன்று வாரம் காத்திருப்பேன். பிறகு முக்கியம் குறைந்த விஎம்கள் இருக்கும் ஹோஸ்ட் ஒன்றில் மட்டும் போடுவேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவை. மூன்று வாரத்துக்குள் பெரிய கூக்குரல் எழும்பாவிட்டால் நானும் போட்டுவிடுவேன்.

விஎம்களின் பேட்சும் ஹோஸ்டின் பேட்சும் தனித்தனி. ஒன்று மற்றொன்றைத் தொடாது, அதனால் வெவ்வேறு வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

17 பிப்ரவரி 2025

நேற்றைய கடைசிப் பத்தி தவறு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 2023 பிப்ரவரி 14 அன்று விண்டோஸ் சர்வர் 2022க்கு வந்த கேபி5022842 பேட்சைப் போட்ட விஎம்கள், செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் துவங்கவிடும் வசதி) இயக்கியிருந்தால், இஎஸ்எக்ஸ்ஐ 7.0 ஹோஸ்ட்களில் அடுத்த மறுதொடக்கத்தில் எழவில்லை. ஒரு வாரம் கழித்து 7.0 அப்டேட் 3கே வந்துதான் சரியானது. அதாவது விஎம்முக்குப் போட்ட பேட்சுக்கு மருந்து ஹோஸ்டின் பேட்சில் இருந்தது. ஹோஸ்டை விட்டுவிட்டு விஎம்களை மட்டும் புதுப்பித்துக்கொண்டே போவது, கேள்வி கேட்டவர் செய்துவருவதுதான், இப்படியும் ஒருநாள் முட்டும்.

5 மார்ச் 2025

மூன்று வாரம் காத்திருங்கள் என்று எழுதியவன் நானே. இப்போது நானே சொல்கிறேன், இந்த முறை காத்திருக்காதீர்கள்.

நேற்று மூன்று ஓட்டைகளுக்குப் பேட்ச் வந்திருக்கிறது. சிவிஇ-2025-22224, 22225, 22226. முதலாவதன் தீவிர மதிப்பெண் 10க்கு 9.3. ஒரு விஎம்முக்குள் நிர்வாகி உரிமை கிடைத்தவன், அங்கிருந்து வெளியே ஹோஸ்டில் நிரலை ஓட்டலாம். கண்டுபிடித்துச் சொன்னவர்கள் மைக்ரோசாஃப்ட் குழுவினர். ஏற்கெனவே பயன்படுத்தப்படுகிறது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. மாற்று வழி எதுவும் இல்லை. 7.0க்கு அப்டேட் 3எஸ், 8.0க்கு அப்டேட் 3டி.

ஆகவே விதியைத் திருத்திக்கொள்கிறேன். யாரும் இன்னும் கையிலெடுக்காத ஓட்டை என்றால் மூன்று வாரம். எடுத்துவிட்டார்கள் என்றால், வருகிற ஞாயிறு. அமெரிக்க அரசு அமைப்பான சிசா வெளியிடும் 'பயன்பாட்டில் உள்ள ஓட்டைகள்' பட்டியலைப் பாருங்கள். அதில் ஏறியிருந்தால் விவாதம் முடிந்தது. இந்த மூன்றும் ஏறிவிட்டன.

10 மார்ச் 2025

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, செய்துமுடித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் இந்த இடங்களில்தான் இடறும்.

பகல் இரண்டரைக்கு ஆரம்பித்தேன். இரண்டரை மணி, ஷிஃப்ட் மாறி எல்லோரும் கைரேகை வைத்து முடித்திருப்பார்கள். எல்லா ஹோஸ்டையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் வி-சென்டரை வெள்ளிக்கிழமையே புதுப்பித்துவிட்டேன். முதல் ஹோஸ்டைப் பராமரிப்பு நிலைக்கு அனுப்பினேன். பதினெட்டு விஎம்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. ஆலையில் யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து நிமிடத்தில் காலி. பேட்ச், மறுதொடக்கம். நினைவகச் சோதனை முடிந்து அது திரும்பி வர பன்னிரண்டு நிமிடம். எத்தனை முறை செய்தாலும் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் உட்காரமாட்டேன். சர்வர் அறையிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டாவது ஹோஸ்ட் பராமரிப்பு நிலைக்குப் போகும்போது இரண்டு சதவீதத்தில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், அதே இரண்டு சதவீதம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. விஎம்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சாயப்பிரிவின் சோதனைக்கூட விஎம்மில், எப்போதோ நிறுவலுக்காகச் செருகிய ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் நகல்) சிடி டிரைவில் அப்படியே கிடந்தது. அந்தக் கோப்பு இருந்தது அந்த ஹோஸ்டின் சொந்த வட்டில். மற்ற ஹோஸ்டுக்கு அது தெரியாது, அதனால் விஎம் நகர மறுக்கிறது. சிடியைக் கழற்றினேன், அடுத்த விநாடி சரசரவென்று நகர்ந்தன. செருகியவன் நான்தான், 2024 நவம்பரில். இப்போது பேட்சுக்கு முந்தைய நாள் பட்டியலில் முதல் வரி: எல்லா விஎம்மிலும் சிடி டிரைவைக் கழற்று.

மூன்றாவதில் கணக்குப் பிரிவின் உரிம டாங்கிள் இருக்கிறது, மென்பொருளின் உரிமத்தை உறுதிசெய்யும் சிறு சாதனம். யுஎஸ்பியில் அந்த ஹோஸ்டின் முதுகில் செருகியிருக்கிறது. ஹோஸ்ட் நின்றால் டாங்கிள் அறுந்து மென்பொருள் பூட்டிக்கொள்ளும். கணக்குப் பிரிவில் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்து, மென்பொருள் திறக்கிறது என்று பார்த்துச் சொன்னபிறகுதான் கிளம்பினேன். டாங்கிளை வலை வழியாகப் பகிரும் சிறு பெட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

மூன்று ஹோஸ்ட் எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். 2021 வரை எங்களிடமும் இரண்டுதான். ஒவ்வொன்றிலும் 256 ஜிபி நினைவகம், இரண்டிலும் சேர்த்து விஎம்கள் எடுத்துக்கொண்டது 360. ஒன்றைக் காலி செய்தால் 104 ஜிபிக்கு இடம் இல்லை. இதைத்தான் முதல் நாளே கேட்டேன். பேட்சைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்தக் கழித்தல் கணக்கு சரியாக வராவிட்டால் நடக்காது. மேலாளரிடம் பாதுகாப்பு, ஓட்டை, பணயநிரல் என்று ஒரு வருடம் பேசிப் பார்த்தேன். மூன்றாவது ஹோஸ்டுக்குப் பணம் வரவில்லை. பிறகு ஒருநாள் அவரைக் கம்ப்ரஸர் அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கம்ப்ரஸர் மூன்று. இரண்டு ஓடும், ஒன்று காத்திருக்கும். மாதத்துக்கு ஒன்றை நிறுத்தி எண்ணெய் மாற்றி, வடிகட்டி கழுவி, திரும்ப ஓட்டுவார்கள். மூன்றாவது எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். சர்வீஸ் செய்ய என்றார். அதே வாரம் ஒப்புதல் கிடைத்தது.

இப்போது மூன்றிலும் சேர்த்து 420 ஜிபி ஓடுகிறது. ஒன்று போனால் மிஞ்சுவது 512. இது இன்னும் ஒரு வருடம் தாங்கும். 500ஐத் தொட்டால் அந்த அறைக்கு மறுபடியும் கூட்டிப்போக வேண்டியதுதான்.

11 மார்ச் 2025

வரிசை கேட்டவர்களுக்கு: முதலில் காப்பு மென்பொருள் புதிய பதிப்பை ஆதரிக்கிறதா என்று பார்த்து அதைப் புதுப்பியுங்கள். பிறகு வி-சென்டர், பிறகு ஹோஸ்ட்கள், கடைசியில் விஎம்களுக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருள். வி-சென்டரைவிட ஹோஸ்ட் புதியதாக இருக்கக் கூடாது. காப்பு மென்பொருளை மறந்தால் பேட்ச் நன்றாக ஏறும், அன்றிரவு காப்பு நடக்காது, யாருக்கும் தெரியாது.

14 மார்ச் 2025

"பெரிய நிறுவனங்கள் ஹோஸ்டை நிறுத்துவதில்லையே" என்று எழுதியவருக்கு. 2014 செப்டம்பர் இறுதியில் அமேசான் தன் மேகச் சர்வர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவற்றை வரிசையாக மறுதொடக்கம் செய்தது. அவர்கள் பயன்படுத்திய ஸென் ஹைப்பர்வைசரில் ஒரு விஎம் மற்றவர்களின் நினைவகத்தைப் படிக்கக்கூடிய ஓட்டை. அக்டோபர் 1 அன்று அதை வெளியிடுவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் நிறுத்தினார்கள். நம்மிடம் மூன்று ஹோஸ்ட்.

27 ஏப்ரல் 2025

ஒரு சிறு எச்சரிக்கை. இந்த மாதம் விஎம்வேர் பேட்ச்களை இறக்கும் முகவரி மாறிவிட்டது. முன்பே அறிவித்த மாற்றம்தான். வாடிக்கையாளருக்குரிய டோக்கனைச் சேர்த்த புதிய முகவரியை வி-சென்டரில் நாமே போட வேண்டும். போடாவிட்டால் புதிய பேட்ச் எதுவும் இறங்காது.

இன்று காலை என் திரையில் மூன்று ஹோஸ்டும் பச்சை. பச்சை என்றால் எல்லாப் பேட்சும் போட்டாயிற்று என்றுதான் நானும் படித்துவந்தேன். அப்படி அல்ல. தன்னிடம் இறங்கியிருக்கும் பேட்ச்களில் எதுவும் பாக்கியில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். பட்டியலில் கடைசியாக இறங்கியது எந்தத் தேதி என்று பாருங்கள். முகவரியை மாற்றியபிறகு ஒன்று மஞ்சளானது. அந்த மஞ்சளைப் பார்த்து எனக்கு நிம்மதி.

10 ஆகஸ்ட் 2025

இந்தக் கேள்வி-பதில் உரையாடல் ப்ராக்ஸ்மாக்ஸ் (லினக்ஸ் மேல் ஓடும் வேறொரு ஹைப்பர்வைசர்) பக்கம் போய்விட்டது. போகட்டும். விஎம்வேரின் உரிமச் செலவு ஏறியபின் பலரும் யோசிக்கிறார்கள். நானும் ஒரு பழைய சர்வர் ஜோடியில் ஒரு வருடமாக ஓட்டிப் பார்க்கிறேன். ஆகஸ்ட் 5 அன்று அதன் 9ஆம் பதிப்பு வந்துவிட்டது, டெபியன் 13 என்ற லினக்ஸ் மேல். 8க்கு அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை ஆதரவு உண்டு.

"லினக்ஸ்தானே, மறுதொடக்கம் அதிகம் தேவைப்படாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கர்னல் (லினக்ஸின் மையக்கரு) மாறினால் மறுதொடக்கம் வேண்டும். விஎம்களை ஓட்டும் கேவிஎம் கர்னலில்தான் இருக்கிறது. விஎம்முக்கு வட்டு, டிரைவ் போன்ற சாதனங்களைப் போலியாகக் காட்டும் க்யூஇஎம்யூ மாறினால், ஓடும் விஎம் பழைய க்யூஇஎம்யூவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்து ஏற்ற வேண்டும், இல்லையென்றால் புதுப்பித்த ஹோஸ்டுக்கு நகர்த்த வேண்டும். விஎம்முக்குள்ளிருந்து மறுதொடக்கம் செய்தால் போதாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2015இல் வந்த 'வெனம்' நினைவிருக்கிறதா? க்யூஇஎம்யூவின் ஃபிளாப்பி டிரைவ் நிரலில், 2004 முதல் கிடந்த ஓட்டை. யாரும் ஃபிளாப்பி பயன்படுத்தாத காலத்திலும் அது உள்ளே இருந்தது. பேட்சைப் போட்டுவிட்டு விஎம்களை ஏற்றி இறக்காதவர்கள் பழைய நிரலிலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். 'ஆப்ட் அப்கிரேட்' மட்டும் போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ஒன்றை நீக்கினால்தான் ஏறும் தொகுப்புகளை அது நிறுத்திவைத்துவிடும், பாதி புதிது பாதி பழையது என்று நிற்பீர்கள். 'ஃபுல்-அப்கிரேட்' அல்லது 'டிஸ்ட்-அப்கிரேட்' போடுங்கள். 8இலிருந்து 9க்குப் போவதற்கு முன் கூடவே வரும் சோதனை நிரலை ஓட்டி, அது காட்டும் எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டுத் தொடங்குங்கள். கர்னல் மாறும்போது பிணைய அட்டைகளின் பெயர் மாறக்கூடும் என்று அவர்களின் குறிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். பெயர் மாறினால் விஎம்களை வலையோடு இணைக்கும் பிரிட்ஜ் அறுந்து ஹோஸ்ட் வலையில் காணாமல் போகும். ஒவ்வொரு அட்டையின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியையும் ஒரு காகிதத்தில் எழுதி சர்வரின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

இரண்டே ஹோஸ்டை ஒரு கூட்டமாக இணைத்து வைத்திருப்பவர்களுக்கு: ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு, ஒன்றை நிறுத்தினால் மற்றது பெரும்பான்மை இழந்து, விஎம்களைத் தொடங்கவே மறுக்கும். மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறு கணினியாவது வையுங்கள். இங்கேயும் அதே கணக்குதான். எந்த ஹைப்பர்வைசருக்குப் போனாலும் ஒன்றைக் காலி செய்ய முடிய வேண்டும்.

1 அக்டோபர் 2025

ஆயுத பூஜை. ஆலை முழுதாக நிற்கும் நாள் எங்களுக்கு இது ஒன்றுதான். காலையிலேயே ரிங் ஃபிரேம்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியாயிற்று. சர்வர் அறைக்கும் எலக்ட்ரீசியன் தட்டோடு வந்தார். ரேக் கதவில் பொட்டு வைத்தோம். காற்றுப் போகும் துளை வழியாக விபூதி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

7.0க்குப் பொது ஆதரவு நாளையோடு முடிகிறது. முதல் இரண்டு ஹோஸ்டையும் செப்டம்பரிலேயே 8.0க்கு ஏற்றிவிட்டேன். டாங்கிள் இருக்கும் மூன்றாவதை இன்றைக்கென்று வைத்திருந்தேன். கணக்குப் பிரிவு பூட்டியிருக்கிறது, கேட்டு வாங்க வேண்டிய நேரம் எதுவும் இல்லை. என்னோடு புதிதாகச் சேர்ந்த தம்பியைச் செய்யச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்றேன். சிடி டிரைவ் எல்லாம் கழற்றியாயிற்றா என்று நான் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்: "நேற்றே பார்த்துவிட்டேன் சார், ஒன்று இருந்தது." பராமரிப்பு நிலை எங்கும் நிற்காமல் நூறைத் தொட்டது.

நினைவகச் சோதனை ஓடும் பன்னிரண்டு நிமிடத்தில் அவனிடம் 2019 கதையைச் சொன்னேன். அந்தப் பழைய எஸ்டி கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக் காட்டினேன். இப்போது மூன்றும் எஸ்எஸ்டியிலிருந்து துவங்குகின்றன. பகல் பன்னிரண்டரைக்கு ஹோஸ்ட் திரும்பி வந்தது. டாங்கிளை இன்று வலைப்பெட்டிக்கு மாற்றிவிட்டோம். இனி மூன்றாவது ஹோஸ்டுக்கும் யாரிடமும் நேரம் கேட்க வேண்டாம்.

3 அக்டோபர் 2025

முதல் கேள்வி கேட்டவர் எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். மூன்றாவது ஹோஸ்ட் வந்து, 1,134ஐத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்ததை ஆகஸ்டில் காலி செய்து நிறுத்தினார்களாம். எழவில்லை. துவக்க வட்டில் ஒன்று போயிருந்தது. விஎம்கள் எல்லாம் பக்கத்து ஹோஸ்ட்களில் ஓடிக்கொண்டிருந்ததால், வேறு வட்டு வாங்கி மூன்று நாள் கழித்து நிதானமாக நிறுவியிருக்கிறார். பில்ட் எண்ணை முன்பே எழுதி வைத்திருந்தாராம்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை, 8.0க்குப் போனதும் நிறுத்திவிட முடியாது. அதற்கான பொது ஆதரவு 2027 அக்டோபர் 11 வரை. எங்கள் அடுத்த பேட்ச் நாள் இந்த மாதம் 26ஆம் தேதி, ஞாயிறு. 19ஆம் தேதி வைத்திருந்தேன். அது தீபாவளிக்கு முந்தைய நாள், போனஸ் கணக்கு ஓடும் வாரம். அந்த வாரம் நான் எந்த ஹோஸ்டையும் தொடமாட்டேன்.